ஃபேன் எந்தப் பக்கம் சுற்றியது?

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒரகடம் சாலையில் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்தது. புத்தம் புது லாரி ஒன்று தொழிற்சாலை வாசலிலிருந்து வெளியே வந்து வேகம் பிடிக்கிறது. வண்டி முன்னால் போகிறது. சக்கரம் பின்னால் சுற்றுகிறது. "சார், லாரிக்குப் பேய் புடிச்சிருக்கு" என்று எழுதி, கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். சார் பதிலே போடவில்லையே என்று அவர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பதில் கொஞ்சம் நீளமானது, தம்பி. போனில் தட்டி அனுப்ப முடியாதது. தொழிற்சாலைகளில் கேமரா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் இந்த வட்டாரத்தில் இவ்வளவு தொழிற்சாலைகள் இல்லை. ஒரகடத்தில் ஷிப்ட் பஸ் நிற்கும் இடமெல்லாம் அன்று வேர்க்கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெங்களூர் சாலையை ஒட்டி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தொழிற்சாலைகள். நான் கோடம்பாக்கத்தில் சில வருஷம் கேமரா உதவியாளனாக அலைந்துவிட்டு, அது ஒத்துவராமல் படப்பையில் ஒரு ஸ்டுடியோ போட்டிருந்தேன். தோளில் வைத்து எடுக்கும் வி.எச்.எஸ். கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கிடந்த ஒரு கேமராவிலிருந்துதான் போலீசுக்கு வழி கிடைத்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர்கள் கேமராவை ஏறக்குறைய சாமி மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். படத்தில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை. அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அக்டோபரில், இரும்பு பீரோ செய்யும் ஒரு தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டார்கள். வெளிமாநிலத்து வியாபாரிகளுக்குப் போட்டுக்காட்ட ஒரு படம் வேண்டுமாம். முதலாளி சென்னையில் இருந்தார். இங்கே எல்லாம் மேனேஜர்தான். வெல்டிங், வளைப்பது, பூட்டு பொருத்துவது எல்லாம் எடுத்துவிட்டுக் கடைசியாகப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டுக்குப் போனேன். தரையில் ஆள் ஆழத்துக்கும் மேலே ஒரு குழி. அதற்குள் பெயின்ட் தொட்டி. தகடுகளைச் சங்கிலியில் கட்டி உள்ளே இறக்கி முக்கித் தூக்குவார்கள். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை தலையைச் சுற்றும். அந்த வாடையை வெளியே தள்ளுவதற்காகச் சுவரில் ஓர் ஆள் கைவிரித்த அகலத்துக்கு ஒரு பெரிய ஃபேன்.

ஃபேனுக்குப் பின்னால் சாயங்கால வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வெளிச்சம் அதிகம், படம் வெளுத்துவிடும். கேமராவில் அதிவேக ஷட்டர் என்று ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொரு படத்தையும் கண்சிமிட்டும் நேரத்தில் சின்னத் துணுக்கு அளவுக்கு மட்டும் திறந்து மூடும். அதைப் போட்டு ஃபேனை எடுத்தேன். ஸ்டுடியோவுக்கு வந்து தேவையானதை மட்டும் தொகுத்துக் கேசட்டைக் கொடுத்துவிட்டேன். தொகுக்கும்போது அந்த ஃபேன் என் கண்ணில் விசேஷமாக எதுவும் படவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்தக் குழியில் ஒருவர் இறந்துபோனார்.

அவர் பெயர் அந்தோணி. பூஜைக்காகத் தொட்டியைக் காலி செய்து, அடியில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்ட உள்ளே இறங்கியிருக்கிறார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுரண்டும் சத்தம் நின்றிருக்கிறது. மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தபோது ஆள் சுருண்டு கிடந்தார். இறங்கப்போன இன்னொருவருக்கும் மூச்சு முட்டியது. அந்தோணியின் மைத்துனர் சூசை அதே தொழிற்சாலையில் வெல்டர். மெயினை அணைக்கச் சொல்லி, கடப்பாரையால் சுவரிலிருந்து ஃபேனையே நெம்பிப் பிடுங்கி ஒரு பக்கம் எறிந்து, காற்று வந்த பிறகுதான் சூசையால் உள்ளே இறங்க முடிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு கான்ஸ்டபிள் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். "சப் இன்ஸ்பெக்டர் உன்னைக் கூட்டியாரச் சொன்னாரு. கேமராவையும் எடுத்துக்கோ" என்றார்.

மேனேஜர் அறையில் டிவியும் வீடியோ டெக்கும் இருந்தன. சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாகச் சூசை. அவருக்குப் பக்கத்தில் தரையில், அந்தோணியின் மனைவி லூர்து. அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். எதிர் மூலையில் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர். படமெடுத்த அன்று எனக்கு லைட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

மேனேஜர் டெக்கை ஓடவிட்டார். ஃபேன் வந்தது. வெயிலுக்கு முன்னால் நான்கு கறுப்பு இறக்கைகள் பொறுமையாகச் சுற்றின. சுற்ற வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக.

"பார்த்தியா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "மோட்டார் எரிஞ்சுபோயி, புதுசா காயில் கட்டி, போன வாரம் நீ படம் எடுக்கிறதுக்கு முன்னாடி இவன்தான் மாட்டியிருக்கான். மூணு வயர்ல ரெண்டை மாத்திக் குடுத்தா மோட்டார் தலைகீழா சுத்துமாமே. வாடையை வெளிய தள்ள வேண்டிய ஃபேன் உள்ள தள்ளியிருக்கு. இது நீ எடுத்ததுதானே?"

"ஆமா சார்."

"நடுவுல மாத்தி கீத்தி ஒண்ணும் பண்ணலியே?"

"இல்ல சார்."

"அவ்ளோதான். எழுதிக் குடுத்துட்டுப் போ."

வயரெல்லாம் பிய்ந்து ஃபேன் தரையில் கிடந்தது. அது எந்தப் பக்கம் ஓடியது என்று இனி யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. மிச்சமிருந்த ஒரே சாட்சி என் கேசட்.

அப்போதுதான் ஏகாம்பரம் பேசினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். "மாட்டி முடிச்சுட்டு பேப்பரை வச்சுப் பார்த்தேண்ணா. பேப்பர் ஃபேன் பக்கமாதான் இழுத்துக்கினு போச்சு. அப்பிடித்தான் ஞாபகம் கீது. ஆனா படத்துல வேற மாரி கீதே? நாந்தான் தப்பா பார்த்துட்டேனா? ரெண்டு நாளா யோசிக்கிறேண்ணா. வேற ஏதோ மோட்டாருக்குப் பார்த்ததை இதுன்னு நெனச்சுக்கினு கீறேனா?" சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்தது. பிறகு சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "நாந்தான் சார் மாத்திக் குடுத்திருப்பேன். என்னாலதான் அந்தோணி செத்துப்போனான்" என்றார்.

நான் இந்தத் தொழிலில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் தன் கையும் கண்ணும் சொன்னதைத் தள்ளிவிட்டு, நான் எடுத்த படத்தை நம்பித் தன்னையே கொலைகாரனாக்கிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

படத்தை மறுபடி ஓடவிடச் சொன்னேன். இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எண்ணலாம் போல அவ்வளவு நிதானம். எனக்கு உறைத்தது அதுதான். நான் ஷெட்டுக்குள் நின்றபோது அந்த ஃபேன் சட்டையைப் படபடக்க வைத்துக்கொண்டு ஓடியது. இறக்கை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வெறும் சாம்பல் வட்டமாகத்தான் இருந்தது. அப்படியானால் இங்கே டிவியில் சுற்றுவது எது?

கோடம்பாக்கத்தில் ஒருமுறை ஜீப் துரத்தும் காட்சி எடுத்தோம். திரையில் போட்டுப் பார்த்தால் ஜீப் முன்னால் வருகிறது, சக்கரம் பின்னால் போகிறது. டைரக்டர் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். சக்கரத்தில் அப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஃபேனிலும் அதேதான் நடந்திருக்கிறதா என்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அங்கே அவசரப்பட்டு, "இது பொய் சார், ஏகாம்பரம் நிரபராதி" என்று நான் கத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டிருக்கவும் கூடாது.

"சார், எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணைச் சோதிச்சுப் பார்க்கணும். நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க" என்றேன்.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா சோதிக்கப் போற? உன் கேமரா பொய் சொல்லுதுன்னு நீயே சொல்லப்போறியா? அப்புறம் எவன்யா உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?"

சூசை சுவரிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தார். "சாட்சி பட்டப்பகலு மாரி கீது. இவரு யாரைக் காப்பாத்தப் பாக்குறாரு? எங்கக்காவைப் பாரு சார் மொதல்ல" என்றார்.

நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பதில் கிடைத்திருந்தது. புருஷன் ஏன் செத்தான் என்பதற்கு ஒரு பதில், அதற்கு ஒரு முகம், ஒரு பெயர். அதை அவளிடமிருந்து பிடுங்கப் போகிறேன், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு ரொம்பக் கனமாக இருந்தது. மறுநாள் அரசாங்கத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதுவரைக்கும் என்று சப் இன்ஸ்பெக்டர் விட்டார்.

படப்பையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மாவு மில் வைத்திருந்தார். அன்று சாயங்காலமே கேமராவோடு அங்கே போனேன். அவருடைய மோட்டாரும் ஃபேன் மோட்டாரும் ஒரே வேகத்தைச் சேர்ந்தவை. அந்த மோட்டாரின் பெல்ட் ஓடும் சக்கரத்தில் நாலு கம்பிகள் உண்டு. அது எந்தப் பக்கம் சுற்றும் என்பது பெல்ட்டைப் பார்த்தாலே தெரியும். அதே ஷட்டரைப் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்தேன். பெல்ட் ஒரு பக்கம் பறந்துகொண்டிருக்க, கம்பிகள் நாலும் நிதானமாக எதிர்ப்பக்கம் போயின. கண்ணை எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். மில்காரர், "இன்னாண்ணா, பேயைப் பார்த்த மாரி நிக்கிறே?" என்றார். அரைக்க வந்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இத்தனை காலம் எதைக் கண் என்று நம்பிச் சோறு தின்றேனோ, அது என் எதிரிலேயே கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "எனக்கும் புத்தகத்துல படிச்ச ஞாபகம் இருக்கு. ஆனா இங்க எல்லாரும் கண்ணால பார்க்கணும். செஞ்சு காட்டுங்க" என்றார்.

பிடுங்கி எறிந்த ஃபேனையே எடுத்துவந்து முற்றத்தில் ஒரு மேஜையோடு சேர்த்துக் கட்டினோம். வயர் கொடுக்கும் வேலைக்கு ஏகாம்பரத்தை விடவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆள் வந்தார். ஃபேனின் சட்டத்திலேயே எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி பொறித்திருந்தது. அதன்படி ஓடவிட்டார். ஆய்வாளர் தன் கைக்குட்டையை எடுத்து ஃபேனுக்குப் பின்பக்கம் ஒரு கம்பியில் கட்டினார். அது வெளிப்பக்கமாக நீட்டி நின்று துடித்தது. காற்று சரியான திசையில்தான் போகிறது, யாருக்கும் சந்தேகம் இல்லை. கேமராவிலிருந்து டிவிக்கு வயர் இழுத்து, டிவியைத் தாழ்வாரத்து நிழலில் வைத்திருந்தேன். எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிவியில் ஃபேன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. கேசட்டில் பார்த்த அதே நிதானம்.

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஃபேனையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். "கேமராவுல ஏதோ செட் பண்ணி வச்சிருக்கான் சார்" என்றார் மேனேஜர். ஆய்வாளர் அவருக்குப் பதில் சொல்லாமல், "வயரை மாத்திக் குடுங்க" என்றார். மாற்றிக் கொடுத்தார்கள். கைக்குட்டை மடங்கி உள்பக்கம் விழுந்தது. காற்று எங்கள் முகத்தில் அடித்தது. டிவியில் ஃபேன் இப்போது சரியான திசையில் சுற்றுவதுபோல் தெரிந்தது. கேமரா இரண்டு முறையும் நேர்மாறாகவே காட்டியது.

எப்படி என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒருவர் குளத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் முழுச் சுற்று முடிப்பதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி மட்டும் கண்ணைத் திறந்து மூடுகிறீர்கள். முதல் தடவை படித்துறைக்கு எதிரே நிற்கிறார். அடுத்த தடவை படித்துறைக்கு ஓரடி பின்னால். அதற்கடுத்து இரண்டடி பின்னால். நடுவில் அவர் ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியாது. மனுஷன் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறார் என்றுதான் சத்தியம் செய்வீர்கள். அந்தக் கேமரா நொடிக்கு இருபத்தைந்து தடவை கண் திறக்கும். அந்த மோட்டார் நொடிக்கு இருபத்தைந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அந்தக் கொஞ்சம்தான் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது.

ஆய்வாளர் என்னைக் கேட்டார்: "அப்படின்னா கேசட்டுல பின்னால சுத்தினதால, நிஜத்துல ஃபேன் சரியாத்தான் ஓடியிருக்கு. விபத்து நடந்த அன்னிக்கும் சரியாத்தான் ஓடிச்சுன்னு சொல்றீங்களா?"

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் கைகளைக் கூப்பியே வைத்திருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த இடத்திலேயே அவர் விடுதலை. சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் நான் எடுத்தது விபத்துக்குச் சில நாள் முன்னால். அன்றைக்குப் பிறகு அந்த ஷெட்டில் என்ன நடந்தது என்று எனக்கோ என் கேமராவுக்கோ தெரியாது.

"நான் எடுத்த அன்னிக்குச் சரியா ஓடிச்சு சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றேன்.

ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வாளர் தலையாட்டிவிட்டு, கேசட்டை இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டோம். ஃபேன் வந்தது, பின்னால் வெயில், வெயிலை வெட்டும் கறுப்பு இறக்கைகள். இந்தத் தடவை சூசை டிவிக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நேற்று முழுக்க ஏகாம்பரத்தைத் தின்றுவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"சார்" என்றார், மெதுவாக. "இந்த வெயிலு அன்னிக்கு இல்ல சார்."

"எந்த வெயில்?"

"ஃபேனுக்குப் பின்னாடி தெரியுதே, இது. நான் ஃபேனைப் புடுங்கினப்ப அந்தப் பக்கம் இருட்டா இருந்துச்சு. பூஜைக்குப் பந்தல் போட்டிருந்தாங்க இல்ல, அந்தத் தார்ப்பாயை ஃபேன் ஓட்டையோட சேர்த்துச் செவுத்துல இழுத்துக் கட்டியிருந்தாங்க. ஃபேனை எறிஞ்சும் காத்து வரல. தார்ப்பாயைக் கிழிச்ச பெறகுதான் வந்துச்சு. அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் தோணல சார்."

ஃபேன் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. வாடை போக வழிதான் இல்லை. தள்ளிய காற்று தார்ப்பாயில் மோதி அதே ஷெட்டுக்குள் திரும்பியிருக்கிறது.

"தார்ப்பாயை அங்க கட்டச் சொன்னது யாரு?" என்று ஆய்வாளர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

பந்தல்காரரை வரவழைத்தார்கள். அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். பூஜைக்கு முதலாளியும் விருந்தாளிகளும் வந்து உட்காருகிற இடம் அது. அவர்கள் பக்கம் தின்னர் வாடை அடிக்கக் கூடாது, ஓட்டையை மூடிக் கட்டு என்று மேனேஜர்தான் நின்று கட்டச் சொன்னாராம். மேனேஜர் இல்லை என்று சொல்லவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஆள் இறங்குவார் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லாமல் போயிருக்கும். அவரையும் நான் கெட்டவர் என்று இன்று எழுத மாட்டேன். ஆனால் ஒரு நாள் முழுக்க இன்னொருவர் தலையில் பழி விழுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சூசை ஏகாம்பரத்திடம் போனார். அடிக்கப் போகிறாரோ என்று கான்ஸ்டபிள் நகர்ந்தார். சூசை அவருடைய கூப்பிய கைகளைப் பிடித்துப் பிரித்துக் கீழே இறக்கிவிட்டார்.

பொய் சொன்ன அதே கேசட்தான் உண்மையையும் வைத்திருந்தது, பார்த்தீர்களா? திசையைக் கேட்டபோது பொய் சொன்னது. வெளிச்சம் இருந்ததா என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னது. இன்று உங்களில் பலர் அசெம்ப்ளி லைனுக்கு மேலே கேமரா மாட்டுகிறீர்கள். விபத்து நடந்தால் முதலில் ஃபுட்டேஜைத்தான் கேட்பார்கள். எடுத்துக் கொடுங்கள். கூடவே இந்தப் படத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அதைச் சொல்ல உங்களைவிட்டால் அங்கே வேறு ஆள் இருக்க மாட்டார்.

ஏகாம்பரத்தின் மேல் வழக்கு இல்லை என்று ஆனது. நிர்வாகத்தின் மேல் நடந்த வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது; லூர்துவுக்குச் சேர வேண்டியது கடைசியில் சேர்ந்தது. ஏகாம்பரம் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பப் போகவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பம்ப் செட் வேலை பார்த்தார். அவரைப் பார்த்த நண்பர்கள் ஒன்று சொல்வார்கள். எந்த மோட்டாரை மாட்டினாலும், ஓடவிட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவாராம். "நீயும் ஒரு தபா பாரு. எந்தப் பக்கம் சுத்துது, வாயால சொல்லு" என்பாராம். அவர்கள் சொன்ன பிறகுதான் கிளம்புவாராம். அவர் கண் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை முழுசாகத் திரும்பி வரவேயில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில் ஒரு மதியம் லூர்து என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணா, அன்னிக்கு அந்த ஃபேன் வர்றதுக்கு முன்னாடி, அவரு வந்தாரே" என்றாள். "ரெண்டு நாளும் எல்லாரும் ஃபேனையே பார்த்தாங்க. நான் அவரைத்தான் பார்த்தேன். அது மறுபடி பார்க்க முடியுமா?"

கேசட் கோர்ட்டுக்குப் போயிருந்தது. ஆனால் தொகுப்பதற்கு முன்னால் எடுத்த மூலப் பதிவு என்னிடம் இருந்தது. தேடி எடுத்துப் போட்டேன். ஷெட்டுக்குள் கேமரா நுழைகிறது. இடது பக்கமிருந்து அந்தோணி வருகிறார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேமராவைப் பார்க்கிறார். ஏதோ சொல்கிறார், சிரிக்கிறார், தாண்டிப் போகிறார். அவ்வளவுதான். ஃபேன் இரைச்சலில் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

லூர்து டிவிக்கு எதிரே நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கேமரா இல்லாததைக் காட்டும்னு அன்னிக்குச் சொன்னீங்களே. இது?" திரையைக் கைகாட்டினாள். "இவரு சிரிச்சது நெசம்தானா?"

"நெசம்தாம்மா. நான் கேமராவுலேர்ந்து கண்ணை எடுத்து நேராவே பார்த்தேன்."

"இன்னா சொன்னாரு?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் சொல்லத் தயங்கினேன். அந்த இடத்தில் உங்களுக்கும் தோன்றியிருக்கும்: மனைவியைப் பற்றி ஏதோ சொன்னார், வீட்டைப் பற்றி ஏதோ சொன்னார் என்று ஒரு நல்ல வார்த்தையை அவள் கையில் கொடுத்து அனுப்பலாமே என்று. கேட்க ஆள் இல்லை, மறுக்க ஆள் இல்லை. அவள் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டிருப்பாள்.

நான் நடந்ததையே சொன்னேன். "தரையெல்லாம் பெயின்ட்டு, வழுக்கும். பார்த்து வாங்கண்ணா, கேமராவோட விழுந்துடப் போறீங்க. அதைத்தாம்மா சொன்னார்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். முகத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "வூட்லயும் அப்பிடித்தான். நான் தண்ணிக் கொடத்தோட படியேறினா, பார்த்து வா, பார்த்து வான்னு சொல்லிக்கினே இருப்பாரு."

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன்.